காகிதத்திலிருந்து கணினிக்கு: கைமாறும் பராமரிப்பு



நல்ல சமாரியர் காயமுற்றவரின் காயங்களைக் கட்டியதோடு நின்றுவிடவில்லை. அவரைச் சாவடிக்கு அழைத்துச் சென்று, சாவடிப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தார் (லூக் 10). பராமரிப்பு ஒரு கையிலிருந்து மறுகைக்கு அறுபடாமல் சென்றது. மருத்துவப் பதிவேட்டின் வேலையும் இதுவே. நோயாளிக்கு எந்த மருந்து ஒவ்வாது, முன்பு என்ன சிகிச்சை நடந்தது என்பதை அடுத்த மருத்துவருக்கு அது சொல்கிறது.

2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளியால் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகர் மூழ்கியபோது, ஏராளமான காகிதக் கோப்புகள் அழிந்தன. ஆனால் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையின் பதிவுகள் கணினியில் இருந்தன. அவற்றின் நகல்கள் ஹூஸ்டன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டதால், இடம்பெயர்ந்தோரின் சிகிச்சை பிற ஊர்களிலும் தொடர்ந்தது.

இந்தியாவில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. இதில் சேர்வோருக்கு 14 இலக்க 'ஆபா' எண் வழங்கப்படுகிறது. நோயாளியின் இசைவோடுதான் அவருடைய பதிவுகள் ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்குப் பகிரப்பட வேண்டும் என்பது இதன் விதி.

கணினிக்கும் இடர் உண்டு. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. பதிவு, பரிசோதனை முடிவு போன்ற பணிகள் பல நாள்கள் கையால் எழுதியே நடந்தன.

எனவே, கணினிக்கு மாறும் நம் மருந்தகங்கள் சிலவற்றை மறக்கலாகாது. ஒரே பெயர் கொண்ட இருவரின் கோப்புகள் கலந்துவிடாமல், பிறந்த தேதியையும் முகவரியையும் ஒப்பிட வேண்டும். ஒவ்வாமையையும் தொடர் மருந்துகளையும் முதலில் பதிய வேண்டும். பழைய கோப்புகளை அவசரப்பட்டு அழிக்கக் கூடாது. நாள்தோறும் எடுக்கும் நகல் வேறிடத்தில் இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் எழுத அச்சிட்ட படிவங்கள் வேண்டும். ஒருவருடைய கடவுச்சொல்லை மற்றவர் பயன்படுத்தக் கூடாது. காசநோயோ எச்.ஐ.வி.யோ உள்ளவரின் பதிவு ஊரார் காதுக்குப் போனால், அவர் அடுத்த முறை மருத்துவரிடம் வரவே அஞ்சுவார்.

இன்னொன்றும் உண்டு. சமாரியர் முதலில் செய்தது, அடிபட்டவரைக் கண்டு அருகில் சென்றதுதான். நம் கண்கள் திரையிலேயே நிலைத்திருந்தால், எதிரே அமர்ந்திருப்பவரின் வலியைக் காண்பது யார்? தட்டச்சு செய்யுமுன் அவர் முகத்தைப் பார்த்து, சொல்வதைக் கேட்போம். பதிவேடு மாறட்டும், பரிவு மாறாதிருக்கட்டும்.