பிராம்ஸும் பில்ரோத்தும்

இசையமைப்பாளர் யோகான்னஸ் பிராம்ஸும், பின்னாளில் வியன்னாவில் அறுவை மருத்துவப் பேராசிரியரான தியோடர் பில்ரோத்தும் 1865இல் சூரிச் நகரில் அறிமுகமாகிப் பல ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டனர். வயோலா வாசிக்கத் தெரிந்த பில்ரோத்துக்குத் தம் புதிய படைப்புகளை அச்சேறுமுன்பே அனுப்பிக் கருத்துக் கேட்பது பிராம்ஸின் வழக்கம். இரைப்பைப் புற்றுநோய்க் கட்டியை அறுவையால் வெற்றிகரமாக அகற்றி பில்ரோத் மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற அதே 1881இல்தான், பியானோவும் முழு இசைக்குழுவும் சேர்ந்து இசைக்கும் கான்செர்ட்டோ வகையில் தாம் எழுதிய நீண்ட படைப்பொன்றை, ஏதோ சில சிறு பியானோத் துண்டுகள் என்று குறும்பாகக் குறிப்பிட்டு பிராம்ஸ் அவருக்கு அனுப்பினார். இசையுணர்வு எவரிடம், எதனால் அமைகிறது என்பதை ஆராயும் நூலை முடிக்காமலே 1894இல் பில்ரோத் மறைய, விமர்சகர் எடுவார்ட் ஹான்ஸ்லிக் அதனைப் பதிப்பித்து வெளியிட்டார்.