கம்பிக் கட்டுப்பாட்டு மாதிரி வானூர்திகளின் மின்னுந்து அமைப்பு

கம்பிக் கட்டுப்பாட்டு மாதிரி வானூர்தி என்பது இரு மெல்லிய எஃகுக் கம்பிகளால் பறத்துநரின் கைப்பிடியுடன் இணைக்கப்பட்டு, அவரைச் சுற்றி வட்டமாகப் பறக்கும் சிறிய வானூர்தி ஆகும். 'கண்ட்ரோல் லைன்' என்று பரவலாக அறியப்படும் இம்முறையை 1940களில் அமெரிக்கரான ஜிம் வாக்கர் பரப்பினார். இந்தியாவில் தேசிய மாணவர் படையின் வான் பிரிவு மாணவர்கள் இதில் பயிற்சி பெறுகின்றனர். நெடுங்காலமாக இவ்வானூர்திகளில் சிறிய எரிபொருள் பொறிகளே பயன்பட்டன. 2000களில் லித்தியம் பாலிமர் மின்கலங்களும் தூரிகையற்ற மின்னோடிகளும் எளிதில் கிடைக்கத் தொடங்கியதும் மின்னுந்து முறை பரவியது.

உறுப்புகள்

மின்னுந்து அமைப்பில் மின்கல அடுக்கு, வேகக் கட்டுப்படுத்தி, மின்னோடி, உந்துவிசிறி, நேரக்கருவி ஆகிய ஐந்து உறுப்புகள் உள்ளன. கம்பிகள் வால்பகுதியின் ஏற்றத் தகட்டை மட்டுமே அசைப்பதால், பறத்துநர் பொதுவாக மின்னோடியின் வேகத்தை மாற்ற இயலாது. அப்பணியை நேரக்கருவி செய்கிறது. பொத்தானை அழுத்தியபின் பறத்துநர் கைப்பிடியை அடையும்வரை அது காத்திருக்கும். பிறகு மின்னோடியை இயக்கி, குறித்த நேரத்தில் நிறுத்தும். வானூர்தி மேலேறும்போது சுமை கூடினாலும் சுழற்சி குறையாமல் வேகக் கட்டுப்படுத்தி பார்த்துக்கொள்ளும்.

கணிக்கும் முறை

கணிப்பு மின்னோடியில் தொடங்குவதில்லை. கம்பியின் நீளத்திலும் ஒரு சுற்றுக்கான நேரத்திலும் தொடங்குகிறது. எடுத்துக்காட்டாக, 1.5 கிலோகிராம் எடையுள்ள சாகச வானூர்தி 18 மீட்டர் ஆரத்தில் ஒரு சுற்றை 5.2 நொடியில் முடிப்பதாகக் கொள்வோம்.

வேகம்: வட்டத்தின் சுற்றளவு 113 மீட்டர். எனவே வேகம் நொடிக்கு ஏறத்தாழ 21.7 மீட்டர்.

சுழற்சி: 6 அங்குலப் புரியிடை கொண்ட உந்துவிசிறி ஒரு சுழற்சியில் கோட்பாட்டளவில் 15.2 சென்டிமீட்டர் முன்னேறும். காற்றில் ஏற்படும் நழுவலையும் சேர்த்தால் நிமிடத்திற்கு 9,500 முதல் 10,000 சுழற்சிகள் தேவை.

மின்னோடி: நான்கு கலங்கள் கொண்ட அடுக்கு சுமையின்போது சுமார் 14 வோல்ட் தரும். வோல்ட்டுக்கு 900 சுழற்சி எனக் குறிக்கப்பட்ட மின்னோடி சுமையின்றி 12,600 சுழற்சிகளை எட்டும். தேவையைவிட மிகுந்துள்ள இப்பகுதியே மேலேறும்போது கைகொடுக்கும்.

மின்கலம்: சராசரியாக 24 ஆம்பியர் வீதம் 5.5 நிமிடம் பறந்தால் 2,200 மில்லி ஆம்பியர்-மணி செலவாகும். கொள்ளளவில் 80 விழுக்காட்டுக்கு மேல் செலவிடுவது கலத்தின் ஆயுளைக் குறைக்கும் என்பதால் 2,800 மில்லி ஆம்பியர்-மணி அடுக்கு பொருந்தும்.

கம்பியின் இழுவிசை: மையநோக்கு விசைக் கணக்கின்படி கம்பிகளில் ஏறத்தாழ 4 கிலோகிராம் எடைக்கு நிகரான இழுவிசை இருக்கும். கம்பிகள் தளர்ந்தால் கட்டுப்பாடு அறவே போய்விடும். சுற்று நேரத்தை விருப்பம்போல் நீட்டிக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

மலைப்பகுதியில் பறத்தல்

உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ள சவ்வாது மலைக் காவலூர், கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு குறைவு. எரிபொருள் பொறி காற்றை உள்ளிழுத்து இயங்குவதால் அங்கு அதன் திறன் குறையும். மின்னோடிக்கு அக்குறை இல்லை. அதே சுழற்சியில் உந்துவிசையும் காற்றுத்தடையும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் குறைவதால் சுற்று நேரம் பெரிதும் மாறாது. மின்னோட்டமும் சற்றுக் குறையும். ஆனால் இறக்கையின் ஏற்றவிசை குறைவதால், வானூர்தி மிகக் குறுகித் திரும்பும் வளைவின் ஆரம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். தரையை ஒட்டிய சாகசங்களுக்கு இந்த இடைவெளியை விட்டுப் பறத்தல் வேண்டும்.

பாதுகாப்பு

எஃகுக் கம்பிகள் மின்சாரத்தைக் கடத்தும். எனவே மின்கம்பிகளுக்கு அருகிலும் இடி மின்னல் வேளையிலும் பறத்தல் உயிருக்கு ஆபத்தானது. பறக்கும் முன் வானூர்தியின் எடையைப்போல் 10 மடங்கு விசையுடன் கம்பிகளை இழுத்துச் சோதிப்பது வழக்கம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது 15 கிலோகிராம் எடைக்கு நிகரானது. எரிபொருள் பொறியைப்போலன்றி, மின்னோடி முன்னறிவிப்பின்றிச் சுழலத் தொடங்கக்கூடும். ஆகையால் மின்கலத்தை இணைத்த நொடி முதல் உந்துவிசிறியின் சுழல்தளத்தில் கையோ முகமோ இருக்கலாகாது. வீங்கிய அல்லது அடிபட்ட லித்தியம் கலங்கள் தீப்பற்றக்கூடியவை. அவற்றை மீண்டும் மின்னேற்றம் செய்யக் கூடாது.