பிறப்பிடமும் காத்திருப்பும்: நெடுந்தீவுக் கடலெல்லையை முன்வைத்து ஒரு விளக்கம்

உழைப்பு நாடு கடந்து செல்லும் வேகத்தில் உழைப்பவனின் உரிமை செல்வதில்லை. இவ்விடைவெளி இன்று மிகத் தெளிவாகப் புலப்படும் இடங்களுள் ஒன்று, ஐக்கிய அமெரிக்காவில் தொழில்வழி நிரந்தர வதிவிட உரிமை கோருவோரின் வரிசையாகும். பேச்சுவழக்கில் ‘கிறீன் கார்ட்’ எனப்படும் இவ்வுரிமைக்காகத் தமிழருட் சிலர் இரண்டொரு ஆண்டுகள் காத்திருக்க, வேறு சிலர் பத்தாண்டுகளுக்கு மேலாகக் காத்திருக்கின்றனர். கல்வியும் தொழிலும் ஒன்றாயிருந்தும் காலம் வேறுபடுவது ஏன்? அவ்வேறுபாடு உழைப்போரை என்ன செய்கிறது? இவ்விரு வினாக்களையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளக்கத்துக்கு நெடுந்தீவு பொருத்தமான தொடக்கம். யாழ்ப்பாணத் தீவுகளுள் இந்தியக் கரையை நோக்கி நெடுந்தொலைவு விலகி நிற்கும் இத்தீவுக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 50 கிலோமீற்றருக்குள் அடங்கும். 1974ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இந்திரா காந்தி, சிறிமாவோ பண்டாரநாயக்க ஆகியோர் கைச்சாத்திட்ட உடன்படிக்கை இக்கடலில் ஓர் எல்லைக்கோட்டை வரைந்தது. நெடுந்தீவுப் பிரதேச நிருவாகத்துக்குட்பட்ட கச்சதீவு அக்கோட்டின் இலங்கைப் பக்கத்தில் அமைந்தது. எனினும், இந்திய மீனவரும் யாத்திரிகரும் கச்சதீவுக்கு வருவதற்குக் கடவுச்சீட்டோ விசாவோ வேண்டியதில்லை என அதே உடன்படிக்கை கூறியது. கோடு வரைந்தோர்கூட மக்களின் போக்குவரவை முற்றாக மறுக்கவில்லை. ஆனால் அதே கோடு, பல்லாயிரம் மைலுக்கு அப்பால், வேறொரு நாட்டின் சட்டத்தில், கடக்கவியலாத மதிலாகி நிற்கிறது.

அச்சட்டம் இயங்கும் முறையை முதலிற் காண்போம். பெரும்பாலான விண்ணப்பங்கள் மூன்று படிகளைத் தாண்டவேண்டும். அப்பணிக்குத் தகுதியான அமெரிக்கத் தொழிலாளர் கிடைக்கவில்லை என்பதைத் தொழில்தருநர் தொழிற்றிணைக்களத்துக்கு நிறுவுதல் முதற்படி. அத்தொழிலாளருக்காகத் தொழில்தருநரே குடிவரவு மனுவைச் சமர்ப்பித்தல் இரண்டாம் படி. ஒதுக்கீட்டு எண் கிடைத்தபின் வதிவிட உரிமை வழங்கப்படுதல் மூன்றாம் படி. முதற்படியில் விண்ணப்பம் பதிவான நாள் ‘முன்னுரிமைத் திகதி’ எனப்படும். வரிசையில் ஒருவரின் இடத்தை இத்திகதியே காட்டும். இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையிலேதான் ஆண்டுகள் கழிகின்றன.

1990ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் தொழில்வழி வதிவிட உரிமைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,40,000 இடங்களை ஒதுக்கியது. தொழிலாளரின் வாழ்க்கைத் துணையும் பிள்ளைகளும் இத்தொகைக்குள்ளேயே எண்ணப்படுவர். அத்துடன், எந்த ஒரு நாட்டில் பிறந்தோரும் மொத்தத்தில் நூற்றுக்கு 7 வீதத்துக்கு மேற் பெறலாகாது என்னும் உச்சவரம்பும் உண்டு. ஏனைய நாட்டினர் பயன்படுத்தாது விட்ட இடங்கள் எஞ்சினால் மாத்திரமே வரம்பு தளரும். இங்கு எண்ணப்படுவது குடியுரிமையன்று, பிறந்த நாடு. உயர்பட்டம் பெற்றோருக்கான இரண்டாம் பிரிவில், 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், இந்தியாவிற் பிறந்தோருள் 2012ஆம் ஆண்டின் முற்பாதிவரை பதிந்தவர்களே உரிமை பெறும் நிலையிலிருந்தனர். இலங்கை உள்ளிட்ட ஏனைய பெரும்பாலான நாடுகளிற் பிறந்தோருக்கு அத்திகதி 2023ஆம் ஆண்டின் முற்பகுதியை எட்டியிருந்தது. இராமேசுவரத்திற் பிறந்த பொறியியலாளருக்கும் நெடுந்தீவிற் பிறந்த பொறியியலாளருக்கும் இடையில் அவ்வேளை நின்றது ஏறக்குறையப் பதினோராண்டு.

போரினாலும் ஒப்பந்தங்களினாலும் இடம்பெயர்ந்த நம்மவர் வரலாற்றோடு இவ்விதியைப் பொருத்திப் பார்த்தால் அதன் முரண்பாடு மேலும் தெளிவாகும். போர்க்காலத்தில் நெடுந்தீவிலிருந்து தமிழகம் சென்ற பெற்றோருக்கு, 1990இல் மண்டபம் முகாமில் ஒரு குழந்தை பிறந்தது எனக் கொள்வோம். 1987 யூலை முதலாந் திகதிக்குப் பின் இந்தியாவிற் பிறந்தவர், பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாயிராவிடின், பிறப்பால் இந்தியராவதில்லை. எனவே புதுடில்லி அக்குழந்தையை இந்தியர் எனக் கொள்ளாது. ஆனால் அப்பிள்ளை வளர்ந்து அமெரிக்காவிற் பணிபுரிந்தால், வாசிங்டன் இந்திய வரிசையிலேயே நிறுத்தும். பெற்றோர் இருவரும் அந்நாட்டிற் பிறவாதவராயும் அங்கு வதிவிடம் அற்றவராயும் இருந்தாற் சட்டத்தில் விலக்கு உண்டு. முகாமிற் கழித்த ஆண்டுகள் வதிவிடமா அன்றா என்ற வழக்கை அப்போது நடத்தவேண்டியிருக்கும். மறுபுறம், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா அனுப்பப்பட்ட மலையகத் தமிழரின் பிள்ளை அற்றனிலோ நுவரெலியாவிலோ பிறந்திருந்தால், இந்தியக் குடியுரிமை கொண்டவராயினும் இலங்கை வரிசையில் நிற்பார். ஒருவர் யார் என்பதையோ எந்த அரசு அவரை ஏற்றது என்பதையோ இவ்விதி கேட்பதில்லை. தாய் ஈன்ற வேளையில் எக்கரையில் இருந்தாள் என்பதை மட்டுமே கேட்கிறது.

இவ்விதி தீயநோக்கோடு தோன்றியதன்று என்பதும் குறிப்பிடத்தக்கது. 1924ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஆசியருக்குக் கதவை அடைத்தது. 1946இல் இந்தியருக்கு ஆண்டுக்கு 100 இடங்களே திறக்கப்பட்டன. இனவழி ஒதுக்கீட்டை ஒழித்து நாடுகளைச் சமமாக நடத்த முனைந்தது 1965ஆம் ஆண்டின் சட்டம். ஆயின் அது சமப்படுத்தியது அரசுகளை. 140 கோடி மக்களைக் கொண்ட இந்தியாவுக்கும் 2 கோடிக்குச் சற்று மேற்பட்ட மக்களைக் கொண்ட இலங்கைக்கும் ஒரே உச்சவரம்பு விதிக்கப்படும்போது, அரசுகளிடையான சமத்துவம் மனிதரிடையே சமத்துவமின்மையாக மாறுகிறது.

காத்திருப்பு வெறும் காலவிரயமன்று. அது ஓர் உற்பத்தி உறவு. ‘எச்-1பி’ என்னும் தற்காலிகத் தொழில் விசாவின் சாதாரண எல்லை ஆறாண்டு. 2000ஆம் ஆண்டின் சட்டமொன்று, மனு ஏற்கப்பட்டு வரிசையில் நிற்போர் அதை நீடித்துக்கொள்ள வழிசெய்தது. உழைப்பு இதனாற் தடையின்றித் தொடர்கிறது. உரிமை மட்டுமே ஒத்திவைக்கப்படுகிறது. வேலையிழந்தவர் பொதுவாக 60 நாளுக்குள் வேறு தொழில்தருநரைத் தேடவேண்டும், அல்லது வேறு வழி காணவேண்டும். தொழில்தருநர் மாறினாற் பெரும்பாலும் முதலிரு படிகளும் மீளத் தொடங்கும். இந்நிலையில் ஊதிய உயர்வு கேட்கவோ அநீதியை எதிர்க்கவோ எத்தனைபேர் துணிவர்? வாழ்க்கைத் துணைவருள் ஒரு பகுதியினருக்குத் தொழில் அனுமதி கிடைத்ததே 2015இலாகும். பிள்ளை 21 வயதை அடைந்ததும், 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் வயதுக் கழிவு போதாவிடின், பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து நீங்கிவிடும். வளர்ந்த நாட்டிலேயே அப்பிள்ளை அந்நியராகிறது.

சீர்திருத்த முயற்சிகள் இல்லாமலில்லை. நாட்டுவாரி வரம்பை நீக்கும் மசோதா 2019 யூலையிற் பிரதிநிதிகள் சபையில் 365க்கு 65 என நிறைவேறியது. 2020 டிசெம்பரிற் செனற் சபை அதன் வேறொரு வடிவத்தை ஏற்றது. இரண்டும் இணைந்து சட்டமாகவில்லை. இங்கு நம்மிடையே ஒரு நலமுரண்பாடு இருப்பதை மறைத்தலாகாது. மொத்த இடங்களைக் கூட்டாமல் வரம்பை மட்டும் நீக்கினால், இந்திய வரிசை குறுக, இலங்கையிற் பிறந்தோரின் வரிசை நீளும். குறுகிய வரிசையில் நிற்பவர் இன்றைய ஒழுங்கை ஆதரிக்கத் தூண்டப்படுவது இதனாலேயே. ஆயினும் அக்குறுகிய வரிசையும் உறுதியானதன்று. இரண்டாம் பிரிவில் நெடுங்காலம் காத்திருப்பின்றியிருந்த ஏனைய நாட்டினருக்கும் 2022 டிசெம்பரில் வரிசை பிறந்தது. 2025 செப்ரெம்பரில், நாட்டுக்கு வெளியிலிருந்து கோரப்படும் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டொலர் கட்டணம் பிரகடனமொன்றினால் விதிக்கப்பட்டபோது, பிறந்த கரை எதுவென்று அப்பிரகடனம் வேறுபடுத்தவில்லை.

மனிதரைத் தொகைகளாகப் பங்கிடுவதன் விளைவை இலங்கைத் தமிழர் முன்பே கண்டவர்கள். 1964இல் 9,75,000 மலையக மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனவும் எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் தீர்ப்பதெனவும் இரு அரசுகள் முடிவுசெய்தன. எஞ்சியோரின் நாடற்ற நிலை 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வரை இழுபட்டது. தோட்டத்திற் கொழுந்து பறித்தவரும் கணினியின் முன் அமர்ந்திருப்பவரும் ஊதியத்தாலும் வாழ்க்கைத் தரத்தாலும் வேறானவர். அவ்வேறுபாட்டை நாம் மழுப்பவேண்டியதில்லை. எனினும் உழைப்பை ஏற்று உரிமையைத் தள்ளிவைக்கும் முறை இரண்டுக்கும் பொதுவானது.

எனவே, நீண்ட வரிசையினரும் குறுகிய வரிசையினரும் கூட்டாக எழுப்பத்தக்க கோரிக்கைகள் சில உள. குடும்பத்தினரைத் தொழிலாளர் ஒதுக்கீட்டுக்கு வெளியே எண்ணுக. மனு ஏற்கப்பட்டபின் தொழில்தருநரை மாற்றும் உரிமை தருக. பெற்றோர் வரிசையிற் சேர்ந்த நாளிற் பிள்ளைக்கிருந்த வயதையே அதன் வயதாகக் கொள்க. பிறந்த கரையைக் காரணமாக்காது, உழைத்த ஆண்டுகளை உரிமையின் அளவுகோலாக்குக. இவற்றுள் எதுவும் இராமேசுவரத்தில் பிறந்தவருக்குக் கொடுத்து நெடுந்தீவிற் பிறந்தவரிடம் பறிப்பதன்று.