கருவிலே கிளைத்த இரண்டு

விந்தணு ஒன்றுகூட இல்லை என்று எழுதிய பரிசோதனைச் சீட்டைக் கையில் வாங்கிய ஒருவர், தமக்கு இனிச் சந்தான பாக்கியமே இல்லையென்று மனமுடைந்து போவது இயல்புதான். ஆயினும் அதே சீட்டில், விந்தின் அளவு ஒன்றரை மில்லிலிட்டருக்கும் குறைவு, அது அமிலத் தன்மையுடையது, ஃபிரக்டோஸ் என்னும் சர்க்கரை அதில் அறவே இல்லை என்ற மூன்று குறிப்புகளும் சேர்ந்து காணப்படுமாயின், விதைகள் தம் தொழிலைச் செவ்வனே செய்துகொண்டிருக்க, அணுக்கள் வெளிவரும் வழிதான் பிறவியிலேயே அமையாமற் போயிற்றோ என்று ஐயுற இடமுண்டு.

அந்த வழி, குடும்பக் கட்டுப்பாட்டுக்காக ஆண்களுக்குத் துண்டிக்கப்படும் அதே விந்துக் குழாய். அதன் இன்மையைக் கண்டறியப் பெரிய யந்திரம் எதுவும் வேண்டுவதில்லை. விதைப்பையின் மேற்புறத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து மெல்ல உருட்டினால், மெத்தென்ற இரத்த நாளங்களின் நடுவே முறுக்கேறிய கயிறு போன்ற ஒன்று நெருடும். இருபுறமும் அது நெருடவில்லையெனில், அனுபவமுள்ள வைத்தியர் அங்கேயே நிச்சயித்துவிடுவார். சந்தானமில்லாத ஆண்களில் நூற்றுக்கு ஓரிருவருக்கு இக்குறை உண்டு.

இக்குறையோடு பிறந்தவர் சிலருக்கு ஒரு பக்கத்துச் சிறுநீரகமும் இல்லாதிருப்பதுண்டு. விந்துக் குழாய்க்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்? கர்ப்பத்தில் சிசுவுக்கு நான்கைந்து வாரமாகும்போது அதன் உடலில் நீளவாட்டில் பக்கத்துக்கு ஒரு குழாய் ஓடுகிறது. 18ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிஞர் காஸ்பர் ஃபிரீட்ரிக் வுல்ஃபின் பெயரால் வழங்குவது அது. அதன் கீழ்க்கோடியில் ஒரு மொட்டு அரும்பி மேல்நோக்கி வளர்ந்து, சிறுநீரகம் உருவாகத் தூண்டுகிறது. எஞ்சிய குழாயே ஆண் சிசுவில் விந்துக் குழாயாகவும் விந்துப்பையாகவும் பரிணமிக்கிறது. மொட்டு அரும்பும் முன்பே குழாய் சிதையுமானால், அந்தப் பக்கத்துச் சிறுநீரகமும் தோன்றுவதில்லை. ஒரு சிறுநீரகம் இல்லாமை, அதே பக்கத்து விந்துப்பையில் நீர்க்கட்டி, விந்து வெளியேறும் வழியில் அடைப்பு என்ற மூன்றும் கூடிவருவதை 1914இல் ஸின்னர் என்பவர் விவரித்தார்.

சிறுநீரகங்கள் இரண்டும் செம்மையாயிருக்கக் குழாய்கள் மாத்திரம் இல்லாதவர் பலருக்கு, ஏழாவது குரோமோசோமில் உள்ள சிஎஃப்டிஆர் என்னும் மரபணுவின் பிழையே காரணம். 1989இல் கண்டறியப்பட்ட அந்த மரபணுவே, நுரையீரலையும் கணையத்தையும் வாட்டும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்கும் மூலம். விதையிலிருந்து ஊசியால் எடுத்த ஒற்றை அணுவைக் கருமுட்டைக்குள் செலுத்தும் முறை, 1992இல் பிரஸ்ஸல்ஸிலிருந்து வெளியான அறிக்கைக்குப் பின் உலகெங்கும் பரவி, இவர்களையும் தகப்பனாராக்கி வருகிறது. ஆனால் மனைவியும் அறியாமலே அதே பிழையைச் சுமப்பவரானால் பிறக்கும் குழந்தை அந்நோய்க்கு ஆளாகக்கூடும். எனவே அவருடைய இரத்தத்தையும் முன்னரே சோதிக்கத்தான் வேண்டும். அவசரத்தில் இதைத் தவிர்ப்பது பெரும் பிழை.

ஒருபுறத்துக் குழாய் மட்டுமே இல்லையென்றாலும், வயிற்றை ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள். தமக்குள்ளது ஒற்றைச் சிறுநீரகம் என்று அறிந்தவரே அதை அடிபடாமலும், வலி மாத்திரைகளால் கெடாமலும் காத்துக்கொள்ள முடியும்.