புல்வெட்டும் இயந்திரம்

புல்வெட்டும் இயந்திரம் என்பது புல்தரையை ஒரே உயரத்தில் நறுக்கப் பயன்படும் கருவி ஆகும். வீட்டுத் தோட்டம், பூங்கா, விளையாட்டுத் திடல் முதலியவற்றின் பராமரிப்பில் இது இடம்பெறுகிறது. கையால் தள்ளுவது, பெட்ரோலில் இயங்குவது, மின்சாரத்தில் இயங்குவது, அமர்ந்து ஓட்டுவது எனப் பல வடிவங்கள் உண்டு.

வரலாறு

இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் நகர்ப் பகுதியைச் சேர்ந்த எட்வின் பியர்ட் படிங் 1830 ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளை நறுக்கும் ஆலை இயந்திரமே அவருக்கு முன்மாதிரி என்பர். அதுவரை நீண்ட பிடி கொண்ட அரிவாளும் மேயும் ஆடுகளுமே புல்வெளிகளைக் கட்டையாக வைத்திருந்தன. 1902 இல் ரான்சம்ஸ் நிறுவனம் பெட்ரோல் பொறி கொண்ட இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

வகைகளும் தேர்வும்

உருளை வகையில், சுழலும் கத்திகள் அசையாத அடிக்கத்தியைக் கடந்து செல்லும்போது கத்தரிக்கோல் போலப் புல்லை நறுக்குகின்றன. வெட்டு மிகத் துல்லியமானது. ஆகவே துடுப்பாட்டக் களங்களுக்கும் குழிப்பந்தாட்டத் திடல்களுக்கும் இதுவே ஏற்றது. ஆனால் உயர்ந்த புல்லையோ மேடுபள்ளத்தையோ இது தாங்காது. சுழற்கத்தி வகையில் கிடையாகச் சுழலும் கத்தி வேகத்தால் புல்லை அடித்து அறுக்கிறது. கத்தி மழுங்கினால் புல் கிழிந்து நுனி பழுப்பாகும். வேலி, மரத்தடி ஆகிய இடங்களுக்கு நைலான் நரம்பு சுழலும் சிறு கருவி போதும். இதனை 1971 இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜார்ஜ் பாலஸ் உருவாக்கினார்; கார் கழுவும் நிலையத்தின் சுழல் தூரிகைகளைக் கண்டு அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது.

வாங்குவோர் பெரும்பாலும் குதிரைத்திறனையே முதலில் பார்க்கின்றனர். உண்மையில் நிலத்தின் பரப்பு, சரிவு, புல்லின் உயரம் ஆகியவற்றையே முதலில் பார்க்க வேண்டும். சிறு முற்றத்திற்குக் கையால் தள்ளும் உருளையே போதுமானது. செங்குத்தான சரிவில் அமர்ந்து ஓட்டும் இயந்திரம் கவிழ்ந்து ஓட்டுநரை நசுக்கக்கூடும். மின்கல வகையில், ஒரு நிறுவனத்தின் மின்கலம் பொதுவாக மற்றொன்றின் கருவியில் பொருந்தாது. எனவே முதல் கருவியை வாங்கும்போதே அடுத்தடுத்த கருவிகளையும் ஒருவர் தேர்ந்தெடுத்துவிடுகிறார் எனலாம்.

மாசு

இருவீச்சுப் பொறிகளில் எரிபொருளின் ஒரு பகுதி எரியாமலே புகையுடன் வெளியேறுகிறது. தொழில்முறைப் புல்வெட்டும் இயந்திரம் ஒரு மணிநேரம் இயங்கினால் வெளியாகும் புகைமூட்ட மாசு, புதிய கார் ஒன்று சுமார் 480 கிலோமீட்டர் ஓடுவதற்கு ஈடாகும் என்று கலிபோர்னியக் காற்றுவள வாரியம் கணித்தது. இலை ஊதும் கருவிக்கு இத்தூரம் சுமார் 1,770 கிலோமீட்டர். அளவில் சிறியது என்பதால் மாசும் சிறியது எனக் கொள்ள முடியாது. சிறு பெட்ரோல் பொறிகளின் மாசைக் கட்டுப்படுத்தும் சட்டம் அம்மாநிலத்தில் 2021 இல் நிறைவேறியது.

பாதுகாப்பு

நடந்து தள்ளும் சுழற்கத்தி இயந்திரங்களில், கைப்பிடியை விட்ட 3 நொடிக்குள் கத்தி நிற்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1982 இல் நடைமுறைக்கு வந்தது. வசதிக்காகச் சிலர் இப்பிடியைக் கம்பியால் கட்டிவிடுகின்றனர். பழைய இயந்திரம் வாங்குவோர் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். கத்தியில் சிக்கிய புல்லை எடுக்கும் முன் பொறியை நிறுத்தி, தீப்பொறிச் செருகியின் கம்பியைக் கழற்றுவது அவசியம். மின்கல இயந்திரமாயின் மின்கலத்தை வெளியே எடுத்துவிட வேண்டும்.