காப்பீடு கொடுப்பவரே மருந்துக்கடையும் வைக்கலாமா?



போன கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஒரு தனியார் நிறுவனத்தின் ஆள் வந்திருந்தார். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. குடும்பத்துக்கு ஒரு மருத்துவ அட்டை, வருடத்துக்கு ஒரு தொகை கட்டினால் ஆஸ்பத்திரிச் செலவு அவர்கள் பொறுப்பு, மாதாமாதம் சாப்பிடும் பிரஷர், சுகர் மாத்திரையும் அதே அட்டையில் கிடைக்கும் என்றார். எல்லோர் முகமும் மலர்ந்துவிட்டது. புறப்படும் நேரத்தில்தான் இன்னொன்றையும் சொன்னார். மாத்திரையை அவர்கள் நடத்தும் கடையில்தான் வாங்க வேண்டுமாம்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகும் ஒரு சகோதரி எழுந்து நின்றார். "ஏனுங்க, பணம் வாங்கறதும் நீங்க, மாத்திரை குடுக்கறதும் நீங்க. கடையில மாத்திரை இல்லீன்னா லாபம் யாருக்குங்க?" என்று கேட்டார். வந்தவர் சிரித்து மழுப்பிவிட்டுப் போய்விட்டார். ஆனால் அந்தக் கேள்வியை அப்படி விட்டுவிட முடியாது. நம் குழுக்கள் மொத்தமாகச் சேருவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியிருப்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

காப்பீடு என்பது நம் சேமிப்பு மாதிரிதான். பல பேர் போடுகிறோம், கஷ்டம் வந்தவர் எடுத்துக்கொள்கிறார். நடத்துகிறவர் தனியார் கம்பெனி என்றால், நாம் எடுப்பது குறையக் குறைய அவருக்கு மிச்சம். மருந்துக்கடைக்காரர் கணக்கு இதற்கு நேர்மாறு. நாம் எவ்வளவு வாங்குகிறோமோ அவ்வளவு வியாபாரம். இருவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் ஒருவர் பில்லை இன்னொருவர் சரிபார்ப்பார். இருவரும் ஒருவரே ஆகிவிட்டால் சரிபார்க்க ஆள் ஏது?

இது நமக்குப் புது விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். திருப்பூரில் பல வீடுகளில் இருக்கும் ஈ.எஸ்.ஐ. அப்படிப்பட்ட ஏற்பாடுதான். சம்பளத்தில் பிடித்தம் செய்யும் காப்பீட்டுத் திட்டமே டிஸ்பென்சரியும் ஆஸ்பத்திரியும் நடத்தி, மருந்தையும் வாங்கி, ஜன்னல் வழியாக நம் கையில் கொடுக்கிறது. 1948-ல் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதன்முதலாக 1955-ல் கோயம்புத்தூரில், நம் பக்கத்து மில் தொழிலாளர்களுக்குத்தான் வந்தது. திருப்பூரில் 100 படுக்கை ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2024 பிப்ரவரியில் திறந்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். 2019 ஜூலையில் நிர்ணயித்தபடி தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஒரு பவர் டேபிள் டெய்லருக்கு 90 ரூபாய் பிடிப்பார்கள், கம்பெனி 390 ரூபாய் போட வேண்டும். அந்த 480 ரூபாயில் அவருக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம். அதுவும் சளிக் காய்ச்சலில் ஆரம்பித்து ஆபரேஷன் வரைக்கும். உடம்பு முடியாத நாட்களுக்கு, விதிப்படி போதிய நாள் வேலை பார்த்திருந்தால், சம்பளத்தில் 70 சதவீதம் வரை தருகிறார்கள். இந்த விலைக்கு இத்தனையும் தரும் தனியார் பாலிசி எதையும் நான் பார்த்ததில்லை.

எப்படி முடிகிறது? இடையில் லாபம் வைக்க ஆள் இல்லை என்பது ஒரு முக்கியக் காரணம். எழுதும் டாக்டருக்கும், எடுத்துக் கொடுக்கும் மருந்தாளுநருக்கும் மாதச் சம்பளம்தான். கூட ஒரு சிரப் எழுதினால் யாருக்கும் கமிஷன் கிடையாது. ஆகவே காப்பீடும் மருந்தும் ஒரே கையில் இருப்பதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தச் சகோதரி கேட்ட கேள்வி இங்கேயும் வரும். லாபம் இல்லாத இடத்தில் தேவையில்லாத மருந்தைத் தலையில் கட்ட மாட்டார்கள், சரி. அலமாரி காலியாக இருந்தால்? வெளிக்கடைக்காரர் சரக்கு இல்லாவிட்டால் வியாபாரம் போச்சே என்று அன்றைக்கே ஆள் அனுப்பி வரவழைப்பார். சம்பளத்துக்கு நடக்கும் இடத்தில் அந்த அவசரம் இருக்காது. நஷ்டம் நமக்குத்தான். வரிசையில் நின்றதில் அரை ஷிப்ட் போயிருக்கும், மாத்திரையையும் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். இதற்கென்று விதியிலேயே வழி உண்டு. டாக்டர் எழுதிய மருந்து இருப்பில் இல்லையென்றால் உள்ளூரில் வாங்கிக் கொடுக்கலாம், அல்லது நாம் வெளியே வாங்கிய பில்லுக்குப் பணம் திருப்பிக் கேட்கலாம். சீட்டில் "இருப்பில் இல்லை" என்று எழுதி வாங்கிக்கொண்டு, மெடிக்கலில் பில்லும் கேட்டு வாங்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் பில் கேட்கிறோம்? ஈ.எஸ்.ஐ. பற்றிய புகாருக்கு 1800-11-2526 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

கொள்முதல் ஒரே கையில் இருப்பதில் வேறு ஆபத்தும் உண்டு. 2019 செப்டம்பரில் தெலங்கானாவில் ஈ.எஸ்.ஐ. மருந்து வாங்கியதில் பல கோடி ரூபாய் முறைகேடு என்று அந்தத் துறையின் இயக்குநரையே ஊழல் தடுப்புத் துறை கைது செய்தது. ஆனால் ஈ.எஸ்.ஐ. பொது நிறுவனம். அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் உட்காருகிறார்கள், கணக்கு தணிக்கைக்குப் போகிறது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் மனுப் போட்டுக் கேட்கலாம். தனியார் கம்பெனியின் மருந்து அலமாரியை எந்த மனுவைக் கொண்டு திறப்பது?

தனியார் கையில் இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் பார்க்கலாம். அங்கே சிவிஎஸ் என்ற பெரிய மருந்துக்கடை நிறுவனம் 2018-ல் ஏட்னா என்ற காப்பீட்டு நிறுவனத்தையே விலைக்கு வாங்கிவிட்டது. காப்பீட்டுக்கும் கடைக்கும் நடுவே, எந்த மருந்துக்கு எவ்வளவு பணம் தருவது என்று முடிவு செய்யும் இடைநிலை நிறுவனங்கள் உண்டு. அவற்றில் மிகப் பெரிய மூன்றும் காப்பீட்டு நிறுவனங்களோடு ஒரே குடும்பம். நாட்டின் மருந்துச் சீட்டுகளில் ஏறக்குறைய 80 சதவீதம் இந்த மூன்றின் வழியாகப் போவதாக அந்நாட்டு வணிக ஆணையம் 2024 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. சில புற்றுநோய் மருந்துகளுக்குத் தங்கள் சொந்தக் கடைக்கு மட்டும் கூடுதல் விலை கொடுத்ததையும் அதில் எழுதியிருந்தார்கள்.

தன் கடைக்கே ஏன் அதிக விலை கொடுக்க வேண்டும் என்று தோன்றும். ஒரே இடுப்பில் செருகிய இரண்டு சுருக்குப்பை அது. ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் போட்டால் வீட்டுக்கு நஷ்டமில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தில் "மருந்துக்குச் செலவு" என்று ஏறும், அந்தச் செலவைக் காட்டி அடுத்த வருடப் பிரீமியத்தைக் கூட்டலாம். பக்கத்தில் இருக்கும் சின்னக் கடைக்குக் கட்டுப்படியாகாத விலை கொடுத்தால் அவர் கடையை மூடிவிட்டுப் போவார். இதைத் தடுக்க ஆர்கன்சாஸ் மாநிலம் 2025 ஏப்ரலில் ஒரு சட்டம் போட்டது. அந்த இடைநிலை நிறுவனங்கள் மருந்துக்கடை வைத்திருக்கக் கூடாது என்று சொன்னது அந்தச் சட்டம். ஜூலையில் ஒரு நீதிபதி அதற்குத் தடை விதித்துவிட்டார். தடை வந்ததும் தானே காட்டுகிறது, எவ்வளவு பெரிய பணம் இதில் புரள்கிறதென்று.

நம் நாட்டில் காப்பீட்டு உரிமம் வாங்கிய நிறுவனம் காப்பீட்டுத் தொழிலைத்தான் செய்ய வேண்டும், நேரடியாகக் கடை போட முடியாது. ஆனால் ஒரே குழுமத்தில் இரண்டு கம்பெனி இருக்கலாம். ஆஸ்பத்திரியும் மருந்துக்கடைகளும் நடத்தும் அப்போலோ குழுமம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தையும் வைத்திருந்து, 2020-ல் எச்.டி.எப்.சி.யிடம் கைமாற்றியது. 2024 ஜனவரியில் நாராயணா மருத்துவமனைக் குழுமம் காப்பீட்டு உரிமம் வாங்கியது. ஆகையால் நம் வாசலுக்கு வந்த அட்டை கடைசி அட்டையாக இருக்காது.

ஈ.எஸ்.ஐ. இருப்பவர்களுக்கு அந்த அட்டை அவசரமில்லை. யோசிக்க வேண்டியது மற்றவர்களைப் பற்றி. 10 பேருக்குக் குறைவான ஜாப் ஒர்க் யூனிட்டில் இருப்பவர்கள், வீட்டில் உட்கார்ந்து பிசிர் வெட்டுகிறவர்கள், கான்ட்ராக்டில் பீஸ் ரேட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஈ.எஸ்.ஐ.க்கு வெளியேதான் நிற்கிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பெரிய வைத்தியத்துக்கு 5 லட்சம் வரை உண்டு, ஆனால் தினசரி மாத்திரை அதில் வராது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். 2025 பிப்ரவரியில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள், அவற்றில் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துபவையும் உண்டு. காசு கட்டும் முன் இவற்றைப் பாருங்கள்.

அப்படியும் அட்டை வேண்டும் என்று குழுவில் தோன்றினால், அந்த நிறுவனத்திடம் எழுத்தில் வாங்க வேண்டியவை சில உண்டு என்பது என் கருத்து. மாத்திரையை எந்த மெடிக்கலில் வாங்கினாலும் பில்லுக்குப் பணம் தர வேண்டும். அவர்கள் கடையில் மருந்து இல்லையென்றால் எத்தனை நாளில் வரும் என்று சொல்ல வேண்டும். டாக்டர் எழுதியதை மாற்றி வேறு கம்பெனி மாத்திரை கொடுப்பதானால் டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். "அதெல்லாம் நம்புங்க அக்கா" என்று வாயால் சொன்னால் போதாது. கடன் கொடுக்கும்போது நாமே கையெழுத்து வாங்குகிறோமே! முதலில் அவர் காட்டும் தாளில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் தள்ளுபடி அட்டையைக் காப்பீடு என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. சந்தேகம் இருந்தால் 155255-க்குப் போன் செய்து கேட்கலாம்.

இந்தக் கேள்விகளைக் கூட்டமைப்பின் கடிதத் தாளில் எழுதி அந்த நிறுவனத்துக்கு அனுப்பியாகிவிட்டது. பதில் வரும் வரை எந்தக் குழுவும் சந்தா வசூலித்துக் கொடுக்க வேண்டாம் என்று தீர்மானப் புத்தகத்தில் ஏற்றியிருக்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஊக்குநர்கள் தங்கள் குழுவில் யார் யாருக்கு ஈ.எஸ்.ஐ. எண் இருக்கிறது, பிடித்தம் செய்தும் எண் தராத கம்பெனியில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொண்டு வாருங்கள்.