மங்கிய நக்ஷத்திரங்களும் நமது கடமையும்

ஏழைகள் நிறைந்த தேசம் எட்டாத நக்ஷத்திரங்களை ஆராயப் பணம் செலவிடலாமா என்று கேட்போர் இன்றும் உளர். முத்தாபுதுப்பேட்டை, ஆவடிப் பக்கத்து வாசகர்களுக்கு இக்கேள்வி தூரத்து விஷயமன்று. சென்னைக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே, 2015 செப்டம்பர் 28-ந் தேதி, 'ஆஸ்ட்ரோசாட்' என்னும் வானாராய்ச்சிக் கோளை நம் தேசம் ஏவிற்று.

ஆகாயத்தில் இரண்டு நக்ஷத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிவருவதுண்டு. அவற்றுள் ஒன்று எரிந்து முடிந்து சுருங்கியதாயின், துணையின் வாயுவைத் தன்பால் இழுக்கிறது. அத்தகைய நியூட்ரான் நக்ஷத்திரத்தின் குறுக்களவு சுமார் 20 கிலோமீட்டரே; எடையோ சூரியனினும் அதிகம். அதன்மீது விழும் வாயு கோடிக்கணக்கான டிகிரி சூடேறி எக்ஸ் கிரணங்களை வீசுகிறது. பூமியின் காற்று மண்டலம் அக்கிரணங்களைத் தடுத்துவிடுவதால், கருவிகளை அதற்கு மேலே அனுப்ப வேண்டியிருக்கிறது.

வாயு வெள்ளமெனப் பாயும் ஜோடிகளைக் காண்பது எளிது. சொட்டுச்சொட்டாய் விழும் ஜோடிகளோ நூறு முதல் பதினாயிரம் மடங்குவரை மங்கியவை. இத்தனை சொற்ப வாயுவைக்கொண்டு அவற்றுள் சில ஆண்டுக்கணக்காய் அணையாதிருப்பதெப்படி? துணை நக்ஷத்திரம் மிகச் சிறியதா? காந்த சக்தி வாயுவைத் திருப்பித் தள்ளுகிறதா? விஞ்ஞானிகளிடையே இன்னும் முடிவு ஏற்படவில்லை. வாயு நின்றபின் நக்ஷத்திரம் ஆறும் வேகமோ, பூமியில் எவரும் உண்டாக்க இயலாத அதன் உட்பொருளின் இயல்பைக் காட்டித் தரும். இவற்றை அறியப் பல்லாண்டு நோக்க வேண்டும்.

பொறுமையின் பலனை நாம் அறிவோம். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், 1930-ல், தம் 19-வது வயதில், இங்கிலாந்து சென்ற கப்பலிலேயே, வெள்ளைக் குள்ள நக்ஷத்திரத்தின் எடைக்கு ஓர் எல்லை உண்டென்று கணித்தார். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்பதே அவ்வெல்லை. 1935-ல் எடிங்டன் அதைப் பரிகசித்தார். நோபல் பரிசு வந்ததோ 1983-ல். 1999-ல் அமெரிக்கா ஏவிய எக்ஸ் கிரணத் தொலைநோக்கி 'சந்திரா' என அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆஸ்ட்ரோசாட்டின் பதிவுகள் ஆராய விரும்புவோர்க்குப் பொதுவில் வைக்கப்பட்டுள்ளன. செலவு செய்தாயிற்று; விளைந்த பயிரை அறுக்க ஆளில்லாமல் விடுவதே வீண் செலவு. அப்பதிவுகளை ஆராயும் பயிற்சியை நம் புறநகர்க் கல்லூரிகளில் தமிழிலேயே அளிக்க வேண்டும். பழைய கருவி ஓயுமுன் அடுத்ததைச் சித்தமாக்க வேண்டும். இன்று பாராது விட்ட நக்ஷத்திரத்தின் இன்றைய ஒளியை, நாளை எவ்விலை கொடுத்தும் வாங்க முடியாது. சர்க்கார் இதை உணர்ந்து நடக்குமாறு வற்புறுத்துகிறோம்.